கேட்கிறது, ஆனால் புரியவில்லை: காதுக் கருவியா, வேறு வழியா?

கடை, தடை, படை, சடை. முதல் மெய்யை எடுத்துவிட்டால் நான்கும் ஒரே சொல்தான், 'அடை'. வயதாலோ இரைச்சலாலோ காது மந்தமாகிறவர்களில் பெரும்பாலோர் வாழ்வது இந்த 'அடை' உலகத்தில்தான். உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் உரக்க வரும், அதனால் தப்பித்துவிடும். ஒரு மெய்யை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் பெரும்பாலும் மேல்சுருதியில் இருக்கின்றன. காது முதலில் கைவிடுவது அந்த மேல்சுருதியைத்தான்.

செவிடன் காதில் சங்கு ஊதியது போல என்கிறோம் (அந்தச் சொல்லை இன்று யாரும் விரும்புவதில்லை, பழமொழிக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்). உண்மையில் காது மந்தமான பலருக்குச் சங்கு நன்றாகவே கேட்கும். கேட்காதது, சங்கை ஊதியவர் அதற்கு முன் மெதுவாகச் சொன்ன நான்கு வார்த்தைகள். 'எனக்குக் கேட்கிறது, நீங்கள்தான் தெளிவாகப் பேசுவதில்லை' என்று வீட்டில் சண்டை வருவது இதனால்தான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

என்ன வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது, எப்போது அறுவை சிகிச்சை என்ற கேள்விகளுக்கெல்லாம் அடி இதுதான். சத்தம் போதவில்லையா, தெளிவு போதவில்லையா? இரண்டு காதிலும் கருவி மாட்ட ஆரம்பித்து ஒன்பது ஆண்டு கழித்துத்தான் இந்த வேறுபாடு எனக்கு முழுசாகப் புரிந்தது.

கருவியே தேவைப்படாதவர்கள்

எதை எதோடு ஒப்பிடுவதற்கு முன்பும் காதுக்குள் ஒருவர் எட்டிப் பார்க்க வேண்டும். குரும்பி அடைத்துக்கொண்டாலே காது மந்தமாகும், எடுத்ததும் திரும்பிவிடும். (பஞ்சுக் குச்சியால் எடுக்கப் போனால் அது உள்ளே போய் இன்னும் இறுகும்.) நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம், செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம், அங்கவடி என்ற சின்னஞ்சிறு எலும்பு இறுகி அசையாமல் போயிருக்கலாம். இவை ஒலி உள்ளே போகும் பாதையில் உள்ள தடைகள். பலவற்றை மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்ய முடியும். இறுகிய அங்கவடியை எடுத்துவிட்டுச் செயற்கைத் துண்டு ஒன்றை வைக்கும் முறை 1956இலேயே வந்துவிட்டது.

இன்னொன்று அவசரம். காலையில் எழுந்தபோது ஒரு காது திடீரென்று அடைத்துக் கிடக்கிறது, வலி இல்லை, சளியும் இல்லை என்றால் அதைக் குரும்பி என்று நினைத்து ஒரு வாரம் பார்க்காதீர்கள். அது உள்காது திடீரென்று செயலிழப்பதாக இருக்கலாம். ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் கடந்தால் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

மற்றபடி பெரும்பாலோருக்கு வருவது உள்காது மந்தம். நத்தைக் கூடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள், ஒலியை உணரும் மயிர்செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. வயது, இரைச்சல், சில ஆன்டிபயாடிக் மற்றும் புற்றுநோய் மருந்துகள், மூளைக்காய்ச்சல் என்று எதனால் போனாலும் மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. கருவியா, வேறு வழியா என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

பரிசோதனை முடிந்து கையில் தரும் ஆடியோகிராமில் (எந்தச் சுருதி எவ்வளவு உரக்க இருந்தால் கேட்கிறது என்ற வரைபடம்) இரண்டு விஷயம் பார்த்தால் போதும். கோடு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது ஒன்று (கீழே போகப் போக டெசிபல் கூடும்). உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 20 டெசிபலுக்கு மேலே போனால் மந்தம் தொடங்குகிறது, 35 முதல் 49 வரை நடுத்தரம், 65 தாண்டினால் கடுமை. மேல்சுருதி இருக்கும் வலப்பக்கம் போகப் போகக் கோடு சரிகிறதா என்பது அடுத்தது. சரிந்தால் உங்களுடையது 'அடை' காது. கூடவே, சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லும் சோதனையின் மதிப்பெண்ணையும் கேட்டு வாங்குங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. எனக்கு ஆடியோகிராமைவிட அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போதா, இன்னும் கொஞ்சம் கழித்தா?

தள்ளிப்போடுவதும் ஒரு தேர்வுதான். பெரும்பாலோர் அதைத்தான் ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொள்ள யோசிக்காதவர்கள்கூடக் காது மிஷின் என்றதும் வயசாகிவிட்டதாக நினைக்கிறார்கள்.

கருவி விற்கிற இடங்களில் இப்போது, போடாவிட்டால் மறதிநோய் வரும் என்று பயமுறுத்துவதும் நடக்கிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையான 977 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கருவியும் பயிற்சியும், மற்றதற்குப் பொதுவான உடல்நல ஆலோசனையும் கொடுத்து மூன்று ஆண்டு பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் சிந்தனைத் திறன் சரிவதில் வேறுபாடு இல்லை. ஆனால் வயதும் நோய்களும் சேர்ந்து ஏற்கெனவே ஆபத்து கூடுதலாக இருந்தவர்களை மட்டும் தனியே பார்த்தால் சரிவு 48 விழுக்காடு குறைந்திருந்தது. ஆக, கருவி போட்டால் மறதி வராது என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்றும் ஆகாது என்று பத்து ஆண்டு தள்ளிப்போடவும் வேண்டாம்.

என் அளவில் சீக்கிரம் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் அதைவிடச் சாதாரணமானது. கருவி போட்ட முதல் நாள் தாள் புரட்டுகிற சத்தம், குழாய்த் தண்ணீர், சொந்தச் செருப்பொலி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதும். எதை ஒதுக்குவது என்று மூளை திரும்பக் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். கைகளில் சுறுசுறுப்பும் மனதில் பொறுமையும் இருக்கிற வயதில் அதைச் செய்வது எளிது. மந்தம் லேசாகத்தான் இருக்கிறது, வேலையிலும் வீட்டிலும் தொந்தரவு இல்லை என்றால் ஓராண்டு கழித்துத் திரும்பப் பரிசோதித்துக்கொண்டு பொறுத்திருக்கலாம். தப்பில்லை.

நாமே வாங்குவதா, ஆள் வைத்துப் பொருத்துவதா?

இன்று அதிகம் பேர் குழம்புகிற இடம் இது. மூன்று வகைச் சாதனங்களை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதலாவது வெறும் ஒலிபெருக்கி. எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டும். சரிவுக் கோட்டுக்காரருக்கு இது மோசமான தேர்வு. ஏற்கெனவே கேட்கிற 'அடை' இன்னும் உரக்கக் கேட்கும், தொலைந்த மெய் தொலைந்ததுதான். அளவில்லாமல் பெருக்கினால் மிச்சமிருக்கிற மயிர்செல்களுக்கும் ஆபத்து. வேண்டாம்.

இரண்டாவது, நாமே பொருத்திக்கொள்ளும் கருவி. கைப்பேசிச் செயலியில் ஒரு சிறு சோதனை செய்தால் நம் கேட்கும் அளவுக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும். அமெரிக்கா 2022 அக்டோபரிலிருந்து, லேசான அல்லது நடுத்தர மந்தம் இருப்பதாக உணரும் 18 வயது நிரம்பியவர்கள் மருத்துவர் சீட்டு இல்லாமலே இவற்றை வாங்கலாம் என்று அனுமதித்தது. 2024இல் ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் தலைமுறை இயர்பட்ஸை மென்பொருள் வழியாகக் காதுக் கருவியாகப் பயன்படுத்தவும் அங்கே அனுமதி கிடைத்தது. பத்து ஆண்டு முன்பு இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

மூன்றாவது, ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் வல்லுநர்) பொருத்தித் தருவது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 2017இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் வெளியிட்டது. 55 முதல் 79 வயது வரையான 154 பேருக்கு ஒரே தரமான கருவி. ஒரு குழுவுக்கு ஆடியாலஜிஸ்ட் முறைப்படி பொருத்தினார். இன்னொரு குழுவினர் முன்கூட்டியே அமைத்து வைத்திருந்த மூன்று வகையிலிருந்து தாங்களே எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது குழுவின் காதில் இருந்த கருவி ஒலியைக் கூட்டவே இல்லை, அது அவர்களுக்குத் தெரியாது. தாங்களே எடுத்துக்கொண்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு பயன் இருந்தது. ஆனால் கருவியை வைத்துக்கொள்வீர்களா, திருப்பித் தருவீர்களா என்று கேட்டபோது முறைப்படி பொருத்திக்கொண்டவர்களில் 81 விழுக்காட்டினரும், தாங்களே எடுத்தவர்களில் 55 விழுக்காட்டினரும் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். (ஒன்றுமே செய்யாத கருவியையும் 36 விழுக்காட்டினர் விரும்பியது தனிக் கதை.)

அந்த 81க்கும் 55க்கும் நடுவில் உள்ள இடைவெளியை நான் அனுபவித்திருக்கிறேன். என் முதல் கருவியைப் பத்து நிமிடத்தில் மாட்டி, 'கேட்குதா?' என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அது ஓராண்டு மேசை இழுப்பறையில் கிடந்தது. பின்னால் வேறொருவர் அதே கருவியை மாட்டி, மெல்லிய குழாய் ஒன்றைச் செவிப்பறைக்குப் பக்கத்தில் விட்டு, அங்கே உண்மையில் எவ்வளவு ஒலி வந்து சேர்கிறது என்று அளந்தார். மேல்சுருதியில் எனக்கு வேண்டியதில் பாதிகூட வந்து சேரவில்லை. அரை மணி நேரத்தில் சரிசெய்தார். புதுக் கருவி வாங்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே ஒருவரிடம் பொருத்திக்கொள்ளப் போனால், 'காதுக்குள் குழாய் வைத்து அளப்பீர்களா?' என்று முதலிலேயே கேளுங்கள். இல்லை என்றால், அந்தப் பத்து நிமிடப் பொருத்தலைவிட நாமே செயலியில் பொருத்திக்கொள்வது ஒன்றும் மோசமில்லை. லேசான மந்தம், இரண்டு காதும் ஒரே அளவு, செயலி பழக்கம் உண்டு என்றால் நாமே வாங்குவது நியாயமான தொடக்கம். ஒரு காது மட்டும் அதிகம் மந்தம், தலைசுற்றல், காதில் சீழ், ஒரு காதுக்குள் மட்டும் ஓயாத இரைச்சல் இதில் ஏதாவது இருந்தால் அந்த வழிக்குப் போகவே வேண்டாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். குழந்தைகளுக்கும் அந்த வழி கிடையாது.

வடிவம், மின்கலம், ஒன்றா இரண்டா

கடைசியில் பார்க்க வேண்டியதை எல்லோரும் முதலில் பார்ப்பார்கள், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். காதுக்குள் முழுக்க மறையும் கருவி அழகு. ஆனால் குரும்பியும் ஈரமும் அதைச் சீக்கிரம் கெடுக்கும், மின்கலம் சிறியது, விரல் நடுங்குகிறவர்களுக்குத் தொல்லை. காதுக்குப் பின்னால் உட்கார்ந்து மெல்லிய கம்பி வழியே காதுக்குள் ஒலிபெருக்கியை நீட்டும் வகை பெரும்பாலோருக்குப் பொருந்தும். கடுமையான மந்தத்துக்கு, காதின் அளவெடுத்துச் செய்த முழு அச்சோடு கூடிய பின்காதுக் கருவிதான். சார்ஜ் செய்யும் வகை வசதி, ஆனால் சில ஆண்டில் மின்கலம் தளரும். துத்தநாக மின்கலத்தை அடிக்கடி மாற்ற வேண்டும், பதிலுக்கு மின்சாரம் இல்லாத இடத்திலும் ஓடும். (ஒட்டுத்தாளைப் பிரித்தபின் ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள். சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடாதபடி பத்திரம்.) இரண்டு காதும் மந்தம் என்றால் இரண்டிலும் போடுங்கள். எந்தத் திசையிலிருந்து யார் கூப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க மூளைக்கு இரண்டு காதும் வேண்டும்.

விலை உயர்ந்த கருவியா, ஒரு சின்ன மைக்கா?

கூட்டத்தில் பேச்சு புரியவில்லை என்பதுதான் எல்லோருடைய குறை. அதற்கு விடையாக ஒரு படி மேலான, இரைச்சலைப் பிரித்தறியும் கருவியைக் காட்டுவார்கள். அது கொஞ்சம் உதவும். ஆனால் இயற்பியலை ஏமாற்ற முடியாது. திறந்த வெளியில் பேசுகிறவரிடமிருந்து தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் அவர் குரல் 6 டெசிபல் குறையும், சுற்றியுள்ள இரைச்சல் குறையாது. காதில் இருக்கும் கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் அது இருப்பது உங்கள் காதில், பேசுகிறவர் வாயருகே இல்லை.

பேசுகிறவர் சட்டையில் குத்திக்கொள்ளும் கம்பியில்லா மைக், அந்தத் தூரத்தை ஒரு சாணாக்கிவிடும். வகுப்பறை, கூட்ட அரங்கு, வண்டியில் பின்னிருக்கை எல்லா இடத்திலும் எனக்கு வேறெதைவிடவும் அதிகம் உதவியது இந்தச் சின்னத் துண்டுதான். நடுத்தரக் கருவியும் ஒரு மைக்கும், உச்சிப்படிக் கருவி மட்டும் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன். குறை ஒன்று உண்டு. மைக்கை நீட்டி 'இதைக் குத்திக்கோங்க' என்று சொல்லக் கூச்சம் விட வேண்டும். எனக்கு அதற்கு இரண்டு ஆண்டு பிடித்தது.

கைப்பேசியில் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் செயலிகளும் இந்த வரிசையில்தான் வரும். கருவியோடு சேர்த்துப் பயன்படுத்தினால் மருத்துவரிடம் மருந்தளவு கேட்கும்போது, முகவரி குறிக்கும்போது நிம்மதி. உதட்டசைவைப் பார்ப்பதும் உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. படை, பாடை என்றால் வாய் திறப்பதில் தெரியும். பாடு, மாடு இரண்டும் உதட்டில் ஒன்றே.

கருவி போதாதபோது

சொற்சோதனை மதிப்பெண் முக்கியம் என்றேனே, அது இங்கே வருகிறது. காதுக் கருவி ஒலியைக் கூட்டி, மிச்சமிருக்கும் மயிர்செல்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். வாங்கிக்கொள்ள அங்கே ஆளே இல்லை என்றால் கூட்டிப் பயனில்லை. நல்ல காதிலும் மந்தம் 60 டெசிபலோ அதற்கு மேலோ, ஒற்றைச் சொற்களைத் திருப்பிச் சொல்வதில் மதிப்பெண் 60 விழுக்காடோ அதற்குக் கீழோ என்றால், காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் சாதனம்) பற்றி விசாரிக்க வேண்டிய நேரம் என்பது பெரியவர்களுக்கான எளிய அளவுகோல். முழுக்கக் கேட்காதவர்களுக்கு மட்டும்தான் அது என்று நினைத்து, தகுதி இருந்தும் ஆண்டுக்கணக்கில் மேலும் மேலும் வலுவான கருவிகளை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

இம்பிளான்ட் மயிர்செல்களைச் சுற்றிவிட்டுப் போகிறது. காக்ளியாவுக்குள் செருகிய மின்முனைகள் செவி நரம்பை நேரடியாகத் தூண்டும். 1957இல் பாரிஸில் நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்ததில் தொடங்கி, 1970களின் பிற்பாதியில் வியன்னாவிலும் மெல்பர்னிலும் பல மின்முனைகள் கொண்டதாக வளர்ந்தது.

இரண்டையும் ஒப்பிட்டால், கருவியைக் கழற்றி வைத்துவிடலாம், இம்பிளான்ட் அறுவை சிகிச்சை. அந்தக் காதில் மிச்சமிருந்த இயற்கையான கேட்கும் திறன் போய்விடக்கூடும். உள்ளே காந்தம் இருப்பதால் எம்ஆர்ஐ எடுக்கும்போது முன்னேற்பாடு வேண்டும். மூளைக்காய்ச்சல் ஆபத்தைக் குறைக்க முன்பே தடுப்பூசி போட வேண்டும். காயம் ஆறிச் சில வாரம் கழித்து இயக்கும்போது கேட்பது பேச்சாகவே இருக்காது, பலர் கார்ட்டூன் குரல், இயந்திரக் குரல் என்கிறார்கள். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த பிறகுதான் சொல்லாகும். இசை பலருக்கு முழுசாகத் திரும்புவதில்லை. இவ்வளவும் சொன்னபிறகும், மதிப்பெண் குறைந்தவருக்கு இன்னொரு வலுவான கருவியைவிட இது தரும் பேச்சுத் தெளிவு பெரும்பாலும் அதிகம். கேட்காமல் கிடந்த ஆண்டுகள் கூடக் கூடப் பலன் குறையும் என்பதால் விசாரிப்பதையாவது தள்ளிப்போடாதீர்கள்.

நடுவில் எலும்பு வழிக் கருவி ஒன்று உண்டு. காதுத் துளையே இல்லாமல் பிறந்தவர்கள், சீழ் வடிந்துகொண்டே இருப்பதால் அச்சு வைக்க முடியாதவர்கள், ஒரு காது முழுக்கப் போனவர்கள் இவர்களுக்கு மண்டையோட்டு எலும்பு வழியாக ஒலியை உள்காதுக்கு அனுப்பும். தலைப்பட்டையில் மாட்டி முதலில் பரிசோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பது இதன் பெரிய வசதி.

குழந்தை என்றால் கணக்கே வேறு

பெரியவருக்கு ஓராண்டு தாமதம் சங்கடம், குழந்தைக்கு அது மொழி. பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி என்பதே உலகெங்கும் வைத்திருக்கும் இலக்கு. இம்பிளான்டா, சைகை மொழியா என்று பெற்றோரை ஒரு பக்கம் சாயச் சொல்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். 1880இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு பள்ளிகளில் சைகை மொழியை ஒதுக்கச் சொன்னது. அந்தத் தீர்மானத்தைத் தவறென்று ஒப்புக்கொள்ள 2010 வரை ஆனது. நடுவில் கை கட்டப்பட்டு வளர்ந்த தலைமுறைகளை யாரும் திருப்பித் தரவில்லை. சைகை மொழி இலக்கணம் உள்ள முழு மொழி. கருவி பொருத்தக் காத்திருக்கும் மாதங்களில் குழந்தை மொழியில்லாமல் இருக்கக் கூடாது என்பதால், இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் சேர்த்தே தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

எடுத்துக்கொண்டு போன பிறகு

எதை எடுத்தாலும் திருப்பித் தரும் காலம் எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குங்கள். முதல் வாரம் வீட்டுக்குள் சில மணி நேரம், அப்புறம் வெளியே, அப்புறம் கூட்டம் என்று கூட்டிக்கொண்டு போங்கள். பையில் ஒரு தாள் வைத்திருங்கள். அதில் 'நல்லா இருக்கு', 'சரியில்லை' என்று எழுதாதீர்கள், அதை வைத்துக்கொண்டு எந்த ஆடியாலஜிஸ்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. 'தட்டு வைக்கிற சத்தம் தலையில் அடிக்கிறது', 'என் குரலே பானைக்குள் பேசுவது போல இருக்கிறது', 'பேத்தி பேசுவது மட்டும் புரியவில்லை' என்று எழுதுங்கள். இந்த மூன்றையும் திருத்த மூன்று வேறு வேறு இடங்கள் இருக்கின்றன, மூன்றாவது அநேகமாக அந்த மேல்சுருதிதான்.